பத்துக் குவியல் மண்

துரைக்கண்ணு முதல் கூடை மண்ணைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

பாண்டிச்சேரியை அடுத்த இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பு. காலை ஒன்பது மணி இருக்கும். ஆழ்துளை போடும் போர் வண்டி முதல் பத்தடியை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மேலே வந்த சிவப்பு மண்ணைத் துளைக்குப் பக்கத்திலேயே கொட்டுவார் என்று நான் நோட்டோடு நிற்கிறேன். அவரோ வேலி மூலைவரை நடந்துபோய், சற்றுமுன் தேங்காய் உடைத்த இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்.

"ஏங்க, அவ்ளோ தூரம் போறீங்க?" என்றேன்.

"மொத மண்ணு ஈசானி மூலையிலதான் மேடம். அது சாமிக்கு. அங்கருந்து ஒண்ணொண்ணா இப்டிக்கா போட்டுனு வருவோம். கடேசி மண்ணு போராண்ட வந்து நிக்கும்."

வடகிழக்கு மூலையில் தொடங்குவது நம் ஊரில் யாருக்குப் புதிது? சிரித்துக்கொண்டே டீயை வாயருகே கொண்டுபோனேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"எல்லா எடத்துலயும் இப்படித்தான் போடுவீங்களா?"

"நான் தொழிலுக்கு வந்ததுலருந்து இப்டித்தான்."

"மரக்காணத்துல? போன மழைக்கு முன்னாடி உப்பளத்துல ஒண்ணு போட்டீங்களே, ஏழாம் நம்பரு. அங்கயுமா?"

"அங்கயும்தான். இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

என் முகம் எப்படி ஆனதோ தெரியாது. கவிழ்த்துப் போட்டிருந்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை, அந்த நேரத்தில், மரக்காணத்தில் ஏழாம் துளைக்குப் பத்தடி தள்ளிப் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். போடலாம், ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஏழு ஊசி குத்தி ஓர் உடம்பு

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "காட்டிலும் மேட்டிலும் தனியாகத் திரிகிறீர்களே, உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். பாம்புக்குப் பயந்ததில்லை அம்மா. தேளுக்குப் பயந்ததில்லை. என் சொந்தக் கையெழுத்துக்குப் பயந்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்கிறேன்.

என் தொழில் என்னவென்று கேட்கிறவர்களுக்கு இப்படிச் சொல்வேன். நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளை போடுவார்கள். பத்தடிக்கு ஒரு கூடை மண் மேலே வரும். எத்தனையாவது அடியில் மணல், எத்தனையாவது அடியில் களிமண், எங்கே பாறை என்று குறித்துக்கொள்வேன். துளைக்குள் கருவியை இறக்கி அளந்தும் பார்ப்பேன்; முடிந்ததும் துளையை அடைத்துவிடுவோம். அதையெல்லாம் கணினியில் போட்டால், துளைக்கும் துளைக்கும் நடுவில் உள்ள இடத்தை அது தானே நிரப்பி, நிலத்தடியைப் படமாகக் காட்டும். மணல் மஞ்சள், களிமண் பச்சை, நல்ல தண்ணீர் உள்ள மணல் நீலம். எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம்.

ஏழு ஊசி குத்திவிட்டு ஓர் உடம்பை வரைவது போன்ற வேலை. ஊசி குத்திய இடம் மட்டும்தான் நிஜம். மற்றதெல்லாம் யூகம். ஆனால் படத்தில் யூகமும் நிஜமும் ஒரே பச்சையாகத்தான் இருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில், தெரியாத இடங்களில் வெள்ளையாக விட்டு நடுவில் ஒரு கேள்விக்குறி போடுவேன். அன்றைய மேலதிகாரி பேனாவால் அதைத் தட்டி, "காசு குடுத்தவன் கேள்விக்குறி வாங்கவா வந்தான்? கலர் அடிச்சுக் குடும்மா" என்றார். அன்றிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு நிரந்தரக் கிண்டல் உண்டு. "அடுப்படியில சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எதுன்னு தெரியல. அறுபதடிக்குக் கீழ மட்டும் எல்லாம் தெரியுதாம்!" சிரித்திருக்கிறேன். அந்தக் காலைக்குப் பிறகு அவரும் அதைச் சொல்வதில்லை.

மழை வருமுன்

மரக்காணத்தில் உப்பங்கழியிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்துபோய், பாத்திகள் பாதி நாள் காய்ந்து கிடந்தன. சிறு உப்பளக்காரர்களின் சங்கம் ஒன்று, நிலத்தடியிலிருந்து உப்புநீரை எடுத்துப் பாத்திக்குப் பாய்ச்ச நினைத்தது. அதில் தப்பில்லை. அந்தக் கடற்கரையில் தோண்டினால் கிடைப்பதே உப்புநீர்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த உப்புநீருக்குக் கீழே களிமண் படுகை ஒன்று இருக்கிறது. களிமண்ணுக்குக் கீழே உள்ள மணலில் நல்ல தண்ணீர். உப்பளத்தை அடுத்திருக்கும் குப்பத்துக்கு அந்த ஒரு தண்ணீர்தான் கதி. மாதா கோயிலுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு, அதற்கு மேல் ஒரு தொட்டி. மீன்பிடிக்கப் போகிறவர்களும் உப்பு வாருகிறவர்களும் அதைத்தான் குடிக்கிறார்கள். களிமண்ணில் ஓட்டை விழுந்தால் மேலே இருக்கும் உப்பு கீழே இறங்கிவிடும். அப்புறம் அதைப் பிரித்தெடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

களிமண் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை.

முதல் ஆறு துளைகளை அந்தோணி குழு போட்டது. அந்தோணி மரக்காணத்துக்காரர், வேலையில் சுத்தம். முதல் மண் துளைக்குப் பக்கத்தில், இரண்டாவது அதற்கடுத்து என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவார். ஆறிலும் அறுபதடியில் களிமண் தொடங்கியது. ஏழாவதுக்கு முன்னால் அவருடைய வண்டி பழுதாகிவிட, துரைக்கண்ணுவின் வண்டி வந்தது.

அன்று நான் தாமதமாகப் போனேன். துளை போட்டு முடித்து, மணல் சரிந்து துளையும் மூடிப்போயிருந்தது. கருவி இறக்கி அளக்க வழியில்லை. குழு சாப்பிடப் போய்விட்டது. கடல் பக்கம் வானம் கறுத்து, முதல் தூற்றல் முதுகில் விழுந்தது. ஒவ்வொரு குவியலுக்கும் கல்லடியில் வைக்கவேண்டிய ஆழச் சீட்டு ஒன்றுகூட இல்லை. காற்றில் பறந்ததோ, வைக்கவே இல்லையோ. வரப்புமேல் பத்துக் குவியல் மண் மட்டும் வரிசையாக இருந்தது.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, துளைக்குப் பக்கத்துக் குவியலை முதல் பத்தடி என்று எழுதிக்கொண்டே போனேன். முதல் ஆறு குவியல் மணல். ஏழும் எட்டும் களிமண். கடைசி இரண்டும் சிப்பித் துண்டு கலந்த மணல்.

அறுபதடியில் களிமண்! மற்ற ஆறோடும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதும் மனசு குளிர்ந்துவிட்டது.

அடியில் ஏன் சிப்பி என்று ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. சந்தேகம் வந்தால் கேட்பவள் கெட்டிக்காரி. நான் அதற்கு ஒரு கதை கட்டினேன். மேற்கே பெருமுக்கல் மலையில் தலைநீட்டிக்கொண்டிருக்கும் பாறை கிழக்கே போகப் போக மண்ணுக்குள் இறங்கிவிடுகிறதல்லவா, அதற்குமேல் ஒரு காலத்தில் கடல் அடித்துக்கொண்டிருந்தது, எண்பதடியில் கிடப்பது அந்தப் பழைய கடற்கரை என்று அறிக்கையில் இரண்டு பத்தி எழுதினேன். ஒரு கல்லூரியில் இதைப் பற்றிப் பேசவும் செய்தேன். கைதட்டினார்கள்.

அந்தச் சிப்பி எந்தப் பழைய கடலுடையதும் அல்ல. காலுக்குக் கீழே இருந்த மேல் மண்ணில் கிடந்த சிப்பி. நான் வரிசையைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். ஏழாம் துளையில் களிமண் தொடங்குவது அறுபதில் அல்ல, இருபதில். முடிவது நாற்பதில். சங்கத்துக்கு நான் அனுமதி எழுதிக்கொடுத்த ஆழம் ஐம்பதடி.

உப்பளத்தில் யாரும் போன் எடுப்பதில்லை

முந்திரித் தோப்பிலிருந்தே அந்தோணிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. சங்கச் செயலாளருக்குப் போட்டேன். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது.

உப்புக் காற்று போனைத் தின்றுவிடும். அதனால் அங்கே வேலைக்கு இறங்குகிறவர்கள் எல்லாரும் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டு, கொட்டகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்துப் பார்ப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வழியெல்லாம் அடித்துக்கொண்டே போனேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் அப்படி வண்டி ஓட்டியதில்லை. துளைக்குள் இறக்கும் ராடு ஒன்று பத்தடி. நாலு ராடு இறங்கினால் நாற்பது, களி முடிந்துவிடும். அந்தோணி எப்போது ஆரம்பித்திருப்பார்? ஏழு மணிக்கா, எட்டுக்கா? மணலில் ராடு வேகமாக இறங்கும், களியில் மெதுவாகத்தான் போகும். களியே, கொஞ்சம் பிடித்து வை, கொஞ்சம் பிடித்து வை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். எதிரே உப்பு மூட்டை ஏற்றிய டிராக்டர் குறுக்கே திரும்பியபோது, வாழ்க்கையில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லிக் கத்தினேன். அவன் பாவம், பயந்து ஓரம் கட்டினான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டு ஓர் ஊரின் காலையே விட வைத்திருக்கிறேனே! குப்பத்துத் தொட்டி சாலையிலிருந்தே தெரியும். அதைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினேன்.

கொண்டாட்டம்

வரப்பில் ஓடினேன். தூரத்தில் கூட்டம் தெரிந்தது. ஏதோ விபத்து என்று நினைத்தேன். கிட்டே போகப் போகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தோணி தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார். "மேடம்! சீக்கிரம் வாங்க! மாதா கண்ணத் தொறந்துட்டா!"

துளையின் வாயிலிருந்து தண்ணீர் தானாகவே பொங்கி வரப்பில் வழிந்துகொண்டிருந்தது. உப்பு வாரும் பெண்கள் வாரு பலகையைப் போட்டுவிட்டு அதில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைவி போன்றவர் செல்வமேரி. என் வயதுதான் இருக்கும், புருஷன் கடலுக்குப் போகிறவர். இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துவிட்டு ஈர முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"உப்பளத்துல நல்ல தண்ணி மேடம்! கல்கண்டு மாறி இருக்குது. குடிச்சுப் பாருங்க."

அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் காது அடைத்துவிட்டது.

"எத்தன ராடு எறங்கிருக்கு அந்தோணி?"

"நாலு முடிஞ்சு அஞ்சாவது பாதி."

அவர் போட்டிருந்த குவியல்களைப் பார்த்தேன். இரண்டு மணல், இரண்டு களிமண், அடுத்தது மணல்.

"களி வந்துச்சே. நிறுத்தியிருக்கலாமே?"

அந்தோணியின் சிரிப்பு மங்கியது. "இருபதுலயே களி வந்துச்சு மேடம். நானும் யோசிச்சேன். உங்க பேப்பர்ல அறுபதுலதான் களின்னு போட்டிருந்துச்சு. சரி, இது சும்மா ஏதோ திட்டுன்னு நெனச்சு எறக்கிட்டேன்."

கையில் ஒட்டிய களிமண்ணை நம்பாமல் என் காகிதத்தை நம்பியிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

"யாரும் குடிக்காதீங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "இது புதுத் தண்ணி இல்ல. உங்க தொட்டித் தண்ணி. கீழ ஓட்ட போட்டுட்டோம். இப்ப கீழ அழுத்தம் இருக்கு, மேல வருது. கோடையில உங்க மோட்டாரு இழுக்கும்போது அழுத்தம் கொறையும். அப்ப இந்தப் பாத்தி உப்பு இதே ஓட்ட வழியா உங்க தொட்டிக்குப் போவும்."

சிரிப்பு ஒவ்வொரு முகத்திலிருந்தாக இறங்கியது.

"யாரு தப்பு?" என்றார் செல்வமேரி.

"என் தப்பு."

காலால் மிதித்த மண்

அடைத்தாக வேண்டும். சிமெண்ட் வேண்டும், அதற்கு முன் நல்ல களி வேண்டும். செயலாளர் சிமெண்டுக்கு பைக்கில் பறந்தார். களியை யார் பிசைவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, செல்வமேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார்.

பாத்தியின் தரை நீர் குடிக்காமல் இருக்க, பருவம் தொடங்கும்போது அந்தப் பெண்கள் வரிசையாக நின்று அதைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். எந்த மண் எந்தப் பதத்தில் நீரைத் தடுக்கும் என்று அவர்கள் குதிகாலுக்குத் தெரியும். மேலே வந்திருந்த இரண்டு குவியல் களியையும் பாத்திக்களியையும் சேர்த்து, எட்டுப் பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். வழக்கமாக மிதிக்கும்போது பேச்சும் கேலியுமாக இருக்கும். அன்று காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். யாரும் இடம் விடவில்லை. ஓரத்தில் நின்று மிதித்தேன். உப்பு வெட்டிய குதிகால் எரிந்தது; எரியட்டும் என்றிருந்தது.

களியை எலுமிச்சை அளவு உருட்டி உருட்டித் துளைக்குள் போட்டோம். அந்தோணி ராடை விட்டு இடித்து இறக்கினார். மறுபடி உருண்டை, மறுபடி இடி. அதற்குமேல் சிமெண்டுக் குழம்பு. பொங்கி வழிந்த தண்ணீர் முதலில் கலங்கி, அப்புறம் மெலிந்து, நாலு மணி வாக்கில் நின்றது.

நின்றதும் அந்தோணி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, "அடைஞ்சிடுச்சு இல்ல மேடம்?" என்றார்.

மேலே நின்றுவிட்டது தெரிகிறது. கீழே, நாற்பதடியில், சிமெண்ட் களியோடு சேர்ந்து பிடித்ததா, பக்கத்தில் ஒரு விரல் அளவு வழி இருக்கிறதா, அதை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பூசை முடிந்த பிறகு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் குப்பத்தார் கூடினார்கள். உடனே போகவேண்டாம், வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போ என்றார்கள் என் அலுவலகத்தில். பயந்துகொண்டே போனேன். குவியலைத் தலைகீழாகப் படித்ததை, சிப்பிக்குக் கதை கட்டியதை, போன் போட்டுக் கேட்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு என்னத்துக்கு என்று ஒருவர் கேட்டார். துரைக்கண்ணுவை இழுத்து வா என்றார் இன்னொருவர். அவர் மேல் தப்பில்லை, அவர் வழக்கப்படி சரியாகத்தான் போட்டார், கேட்காதது நான் என்றேன்.

கடைசியில் செல்வமேரி எழுந்தார். மேடம் என்ற மரியாதை அன்றைக்கு இல்லை.

"இப்ப ஒயுங்கா அடைஞ்சிடுச்சாம்மா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் போயிருப்பேன்.

"தெரியல" என்றேன். "கோடையில மோட்டாரு நெறைய ஓடும்போதுதான் தெரியும். ஒரு கோடையில தெரியாமலும் போவலாம். வாரா வாரம் வந்து தண்ணிய அளந்து பாக்குறேன்."

"அளந்து பாத்துட்டுப் போயிடுவ. குடிக்கிறது நாங்கதான." "நீ எந்தத் தண்ணி குடிக்கிற?"

"பாண்டியில. கேன் தண்ணி."

"அத வுட்டுடு. இனிமே எங்க தண்ணியக் குடி. வாரா வாரம் வந்து எடுத்துனு போ. ஒன் வூட்டுக்காரரு, புள்ளிங்க எல்லாம் குடிக்கட்டும். அப்பதான் ஒனக்கும் பயம் இருக்கும்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சரி என்றேன்.

ஒரு கோடை போய்விட்டது. இது இரண்டாவது கோடை. சனிக்கிழமை தோறும் இரண்டு கேன் எடுத்துக்கொண்டு போய் நிரப்பி வருகிறேன். எங்கள் வீட்டில் காபியும் சோறும் ரசமும் அந்தத் தண்ணீரில்தான். போன கோடையிலும் மழைக்காலம் முழுக்கவும் அளவில் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டுக்காரர் குடித்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்பார். நான் முதல் மடக்கை விழுங்காமல் நாக்கில் வைத்திருப்பேன்.

இந்த வாரமும் போயிருந்தேன். குப்பத்தில் மோட்டார் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. செல்வமேரி வழக்கம்போல் முதலில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். குடித்தேன். லேசாகக் கரித்தது. கருவியை விட்டுப் பார்த்தேன். போன வார அளவேதான் காட்டியது. மறுபடி ஒரு மடக்குக் குடித்தேன். மறுபடியும் கரித்தது. கரிப்பது தண்ணீரா, என் பயமா என்று எனக்குப் புரியவில்லை.

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னாம்மா?" என்றார், மெல்ல. "உப்பா?"

டம்ளரை நீட்டினேன்.

"இன்னொரு டம்ளர் குடுங்க" என்றேன்.